லோடு ஏறிய வீடு

டயரை உதைத்துப் பார்ப்பதுபோல வீட்டின் மூலைச் சுவரை உதைத்துப் பார்க்கிறார். நான்கு மூலைக்கும் நான்கு உதை. "ம், ஓடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கயிற்றுச் சுருளைத் தோளிலிருந்து இறக்குகிறார்.

எங்கள் பக்கத்து வீட்டு லாரி டிரைவர். எனக்கு அண்ணன், அவர் மனைவி அண்ணி. தெருவில் அவருக்கு 'லோடு' என்று பெயர். எதைப் பார்த்தாலும் எடை போடுவார். கல்யாண மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருந்த சோபாவைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கயிறு பத்தாது" என்றவர். கிளீனர் பின்னாலிருந்து பக்கப் பலகையை இரண்டு முறை தட்டாமல் வண்டியை எடுக்க மாட்டார். தட்டாவிட்டால் கால் அழுந்தாதாம்.

இதுவரை வந்த எந்தப் புயலுக்கும் அவர் வீட்டில் இருந்ததில்லை. எங்கோ ஒரு நெடுஞ்சாலையில் ஊரார் சரக்கு நனையாமல் பார்த்துக்கொண்டிருப்பார். போன புயலில் அவர் வீட்டுக் கூரையில் ஒரு தகரம் பறந்துபோயிற்று. அண்ணியும் மகளும் கட்டிலுக்கு அடியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். மாற்றிப் போட்ட தகரம் மட்டும் இன்னும் பளபளக்கிறது. ஊர் திரும்பும்போதெல்லாம் செருப்பைக் கழற்றுமுன் அதை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். இந்த முறை புயல் எச்சரிக்கை வந்ததுமே, கைக்கு வந்த லோடை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, லாரியின் கயிறு, தார்ப்பாயுடன் வந்துவிட்டார்.

அவர் எழுவதற்குள் அண்ணி பாதி வேலையை முடித்திருந்தார். குடங்களில் தண்ணீர், மூடி போட்ட டப்பாவில் தீப்பெட்டி, பரண்மேல் துணிமூட்டை. அண்ணன் துணிமூட்டையை இறக்கினார். அரிசி மூட்டையை நடுவீட்டுக்கு இழுத்து வந்து அதன் பக்கத்தில் தையல் மிஷினை நிறுத்தினார்.

"கனம் நடுவுல இருக்கணும். அப்பதான் சாயாது."

"வீடு என்ன வளைவுலயா திரும்பப் போவுது?"

"உனக்குத் தெரியாது, நீ பேசாம இரு."

"நான் பேசாம இருந்தா அடுப்பு மேலயும் கயிறு போடுவீங்க."

கூரைக்கு மேலே கயிறு பறந்தது. மறுமுனையைப் பிடிக்க நான் நின்றேன். தரையில் அறைந்த இரும்பு முளையில் அதைச் சுற்றி, சுவரில் ஒரு காலை ஊன்றி, உடம்பு முழுவதும் பின்னால் சாய இழுத்தார். பிறகு விரலால் சுண்டிக் காது கொடுத்தார். சத்தம் பிடிக்காவிட்டால் இன்னொரு இழுப்பு. பளபளக்கும் தகரத்தின்மேல் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறுகள்.

"அண்ணே, போதுமே."

"போதுமான்னு லோடு சொல்லாது தம்பி. ரோடுதான் சொல்லும்."

கடைசியாக வாசல் பக்கம் தார்ப்பாயை இறக்கி, குறுக்கே கயிறு போட்டு முடிச்சை இறுக்கினார். இடுப்பில் கை வைத்துப் பின்னால் நகர்ந்து பார்த்தார். தெருவே நின்று பார்த்தது. அப்போது தார்ப்பாய்க்குப் பின்னால் கதவு அசைந்தது. வெளிப்பக்கம் திறக்கிற கதவு. அசைந்ததோடு சரி.

மகள் ஜன்னலுக்கு வந்தாள். "அப்பா, எங்கள எந்த ஊருக்கு அனுப்புறீங்க?"

அவள் தோளுக்குப் பின்னால் அண்ணி. "லோடு நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. டிரைவர் எங்க உக்காருவாரு?"

தெரு சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதல் தூறல் விழுந்தது. அவர் முடிச்சுகள் ஒரே இழுப்பில் அவிழும். கதவுக்கு வழி விட்டுக் கயிற்றை மாற்றிக் கட்டிவிட்டு, நனைந்த சட்டையுடன் உள்ளே போனார்.

எங்கள் ஜன்னலிலிருந்து அவர்கள் நடுவீடு தெரியும். பளபளக்கும் தகரத்துக்கு நேர் கீழே, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அண்ணாந்திருந்தார். முதல் காற்று தெருவுக்குள் புகுந்தது. கயிறுகள் எல்லாம் ஒன்றாக முனகின. தகரம் அசையவில்லை. அவர் கண்ணை எடுக்கவில்லை. கைகள் மட்டும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன.

ஜன்னலை மூட வந்த அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவரில், உள்ளங்கையை விரித்து, இரண்டு முறை தட்டினார்.