தார்க் குறி போட்ட குழாய்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் மகனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆயாம்மா வந்து சொன்னார். பதினாறாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

அது நெருக்கடி நிலைக் காலம். விருத்தாசலத்தில் கழிவுநீர்ப் பீங்கான் குழாய் செய்யும் ஆலை ஒன்றில் அவனுக்கு வேலை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு குழாயையும் மரச்சுத்தியால் தட்டுவான். கணீரென்றால் நல்லது. சத்தம் மொத்தையாக வந்தால் விரிசல். அதில் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவான். குறி போட, பள்ளியில் தேய்ந்த சாக்பீஸ் துண்டுகளை நான்தான் கொண்டுவந்து கொடுப்பேன். மழையில் அழிந்துபோகிறது என்றான். தார் தொட்டுப் போடேன் என்று சொன்னதும் நான்தான்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் குடிசைகளை இடித்துவிட்டு அரசாங்கக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய கம்பெனிதான் குழாய்களை வாங்கியது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கம்பெனி லாரி, ஒதுக்கி வைத்ததையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது. அரசாங்க மேலதிகாரி பார்வையிட வந்தபோது, குழாய் இறக்கிய பள்ளம் நெடுகக் கறுப்புப் பெருக்கல் குறிகள். அரசாங்க வேலையைக் கேவலப்படுத்த என் மகன் வேண்டுமென்றே போட்டது என்று கம்பெனி போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டது.

மூன்று நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொள்வார்கள், அவனைக் காட்டமாட்டார்கள். தெரிந்த வக்கீல், இந்த நேரத்தில் தன்னைத் தேடி வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார். குழாய் நிஜமாகவே விரிசல்தான், தட்டிப் பார்த்தால் தெரியும் என்று ஏட்டிடம் விளக்கினேன். எனக்கே பாடம் எடுக்கிறீங்களா டீச்சர் என்று சிரித்தார். அவர் மகள் என்னிடம்தான் படித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எங்க கையில ஒண்ணுமில்லீங்க. கம்பெனிக்காரரு வந்து சொல்லணும்."

நான்காம் நாள் மதியம் அந்தக் கம்பெனியின் மேலாளர் வந்தார். தோளில் பிளாஸ்க் தொங்கியது. இன்ஸ்பெக்டர் எழுந்து தன் நாற்காலியையே அவருக்குக் கொடுத்தார். உள்ளேயிருந்து மகனைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். சுத்தி பிடிக்கும் கை வீங்கியிருந்தது. அவன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். எனக்கு அழுகை வரவில்லை. தூக்கை மூடலாமா திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"கூட்டிட்டுப் போங்கம்மா. நாளைக்கி மண்ணெண்ணெயும் துணியும் எடுத்தாந்து, அந்தத் தாரை மட்டும் தொடச்சி வுட்டுடச் சொல்லுங்க. அப்புறந்தான் பள்ளத்த மண்ணு தள்ளி மூடணும்."