எல்லையில் விட்ட செவலைப்பசு

வாகைப்பட்டிக்காரர்கள் வாயில் தனிஸ்லாஸ் என்ற பெயர் நுழையவில்லை. 'ஊசிக்காரர்' என்றே சொன்னார்கள். மிஷன் பள்ளி விடுதிக்குத் தண்ணீர் இறைத்தவரின் மகன். எட்டாவது வரை படித்து, சர்க்கார் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டரானவர். பதினோரு வருஷத்தில் சோழவந்தான் பக்கம் அவருடைய சைக்கிள் போகாத வண்டிப்பாதை இல்லை.

முப்பத்தாறாம் வருஷம் ஆடியில் வாகைப்பட்டிக்குள் வெக்கை நோய் புகுந்தது. மொக்கைச்சாமியின் செவலைப்பசு கண்ணில் நீர் வடிய, வாய் புண்ணாகி, கழிந்துகொண்டு நின்றது. தனிஸ்லாஸிடம் இருந்த தடுப்பூசி மருந்து முப்பது மாடுகளுக்குத்தான் காணும். நோய் பற்றாதவற்றுக்கு மட்டும் போட்டார்.

"நோவு கண்டதை விட்டுட்டு நல்லா இருக்கிற மாட்டைக் குத்துறீக. நாளைக்குப் பசிக்காதவனுக்குச் சோறு போடுவீக போல!" என்றார் கிராம முன்சீப் கண்ணுச்சாமி. கூட்டம் சிரித்தது.

தனிஸ்லாஸ் சிரிக்கவில்லை. கிழக்கே ஒரு மைலில் உப்போடைப்பட்டி. அங்கேதான் தங்கை ஆனிமேரியைக் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் வீட்டில் இருந்ததெல்லாம் ஒரு ஜோடி உழவு மாடு. உழவு தொடங்கும் சமயம். அந்த ஊருக்குப் போட மருந்தில்லை. அடுத்த மருந்துப்பெட்டி ரயிலில் மதுரைக்கு வர வேண்டும். அதுவரை நோய் இங்கேயே நிற்க வேண்டும்.

"இந்தப் பசு ஊருக்குள்ள நிக்கக்கூடாது. எல்லையில கொண்டுபோய் விட்ருங்க" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

எல்லோரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்கள். அவர் சொன்ன எதையும் அவர்கள் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

ஆறு நாள் கழித்துப் பெட்டியோடு திரும்பினார்.

"பசு எங்கே?"

"நீங்க சொன்னபடி எல்லையில விட்டாச்சு. மஞ்சத்தண்ணி ஊத்தி, வேப்பிலை கட்டி, கொட்டடிச்சு அடுத்த ஊர் எல்லைக்குள்ள ஏத்திவிட்டோம். ஆத்தா அதோட போயிட்டா" என்றார் கண்ணுச்சாமி.

"ஒதுக்கிக் கட்டத்தானேய்யா சொன்னேன்!"

"விடச் சொன்னீக. பாட்டன் காலத்துல இருந்து எல்லையில விடுறதுன்னா இதுதான். சர்க்காரே சொல்லிருச்சேன்னு எங்களுக்கு அம்புட்டுச் சந்தோசம்."

"எந்தப் பக்கம்?"

கண்ணுச்சாமி கிழக்கே கையைக் காட்டினார்.

உப்போடைப்பட்டி மந்தையில் ஒரு மாடுகூட மேயவில்லை. ஆனிமேரி வாசலிலேயே நின்றாள்.

"வாண்ணே. நம்ம மயிலைக்காளை ரெண்டு நாளா தீனி எடுக்கல. யாரு மாடோ, மாலையும் கழுத்துமா ஒரு செவலை வந்துச்சு. பாவம்னு நம்ம தொட்டியில தண்ணி காட்டுனேன். நம்ம தொழுவத்துலயே விழுந்துருச்சு."

தனிஸ்லாஸ் தொழுவத்துக்குள் போய் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். மயிலைக்கு நூற்றைந்து. பக்கத்துக் காளைக்கு நூற்றிநாலரை. பெட்டியிலிருந்த மருந்து காய்ச்சல் காணாத மாட்டுக்குத்தான்.

"என்னண்ணே சொல்லுது?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் வீட்டுக்காரர் உள்ளே வந்து மயிலையின் கயிற்றை அவிழ்த்தார். ஆனிமேரியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"ஊர்ல பேசி முடிச்சிட்டாக மச்சான். வாகைப்பட்டிக்கு நீங்க சொன்ன வைத்தியம்தானாம். அங்க நோவு நின்னுபோச்சாம். மயிலையை இப்பவே கிழக்கே எல்லையில விடணும்கிறாக."

தனிஸ்லாஸ் தொழுவ வாசலில் குறுக்கே போய் நின்றார். அது தன் ஊசியால் நின்றது என்று சொல்ல வாயெடுத்தார். தெருமுனையில் கொட்டுச் சத்தம் கிளம்பிவிட்டது.