எழுதாமல் விட்ட கற்பூரம்

லூனாஸிலிருந்து பாடாங் மேஹா போகும் சாலையில் விடிகாலைப் பனி இறங்கினால் செம்பனைகளின் அடிமரம் மறைந்துவிடும். மட்டைகள் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அந்தச் சாலைதான் வருகிறது. அதில் ஒரு பேருந்து பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதன் சக்கரம் ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது சக்கரம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நினைவில் சுற்றுகிறது.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்தவன். பள்ளி வேலையோடு ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நிருபராகவும் பல ஆண்டுகள் எழுதினேன். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு என்று பத்து வரியும் ஒரு படமும் அனுப்புவேன். உள்பக்கத்தில் எங்காவது ஒரு மூலையில் வரும். முதல் பக்கத்தில் என் செய்தி ஒருமுறைகூட வந்ததில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் அந்தக் குறை எனக்கு இருந்தது.

விபத்து நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. தொழிற்சாலைக்குக் காலை வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போன பேருந்து கவிழ்ந்துவிட்டதாகத் தகவல் வந்ததும் நான் குடியிருந்த பாக்கார் ஆராங்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓட்டுநர் அங்கேயே இறந்திருந்தார். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இளம்பெண் மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தாள். மற்றவர்களுக்குக் காயம். ஆம்புலன்ஸ்கள் போன பிறகு காவலர்கள் என்னை அருகில் விட்டார்கள்.

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. அதில் ஒரு புட்டி கறுப்பு பீர். மூடி திறக்கப்படவில்லை. கூடவே இரண்டு சுருட்டு, கொஞ்சம் வெற்றிலை பாக்கு, ஒரு கற்பூரப் பொட்டலம். பையிலிருந்து உருண்டோடிய எலுமிச்சம்பழம் ஒன்று படிக்கட்டில் தங்கியிருந்தது.

பார்த்த கணமே எனக்குப் புரிந்தது. செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் புரியும். சாலையோரத்து முனியாண்டிக்கான வெள்ளிக்கிழமைப் படையல் அது. ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வைத்துக் கும்பிடலாம் என்று வாங்கி வைத்திருக்கிறார். லாரி ஓட்டிய என் அப்பாவும் அதையேதான் வாங்கி வைப்பார், அதே பீர், அதே சுருட்டு.

வீட்டுக்கு வந்து செய்தியை எழுதினேன். முதலில் எல்லாவற்றையும்தான் எழுதினேன். படித்துப் பார்த்தேன். என்னுடைய மற்ற செய்திகளைப் போலவே அதுவும் படுத்துக் கிடந்தது. பிறகு கற்பூரத்தைக் கோடு போட்டு அடித்தேன். சுருட்டையும் வெற்றிலையையும் அடித்தேன். மூடி திறக்கப்படவில்லை என்ற சொற்களையும் அடித்தேன். 'ஓட்டுநரின் இருக்கை அருகே மதுப்புட்டி ஒன்று காணப்பட்டது' என்ற வரி மட்டும் மிஞ்சியது. செய்தி எழுந்து நின்றது. இடம் போதவில்லை என்று நான் சொல்லலாம். அது பொய்.

மறுநாள் அது முதல் பக்கத்தில் வந்தது. தலைப்பிலேயே புட்டி இருந்தது. கடையில் இரண்டு பிரதி வாங்கினேன்.

ஓட்டுநரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவரும் அந்தப் பெண்ணும் ஒரே தாமான் குடியிருப்பில், ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள். இடையில் இரண்டே வீடுகள். தோட்டத்திலும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்து, ஒன்றாகவே இங்கே மாறி வந்தவர்கள். சாலையை அடைத்து நீலக் கூடாரம் போட்டிருந்தார்கள். வெயில் துணிக்குள் புகுந்து எல்லாவற்றையும் நீல நிறமாக்கியிருந்தது. குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. பரிமாற நின்றவர் என் இலையில் சோற்றைக் குவித்தார்.

“நல்லா சாப்பிடுங்க சார். இந்த வரிசையில ஒருத்தரும் வரல. குடிகாரன் வீட்டுல கை நனைக்க மாட்டாங்களாம்.”

நான் சாப்பிட்டேன். பாயசமும் வாங்கிக்கொண்டேன். எழுந்து கை கழுவிவிட்டு வந்தேன்.

சில மாதங்கள் கழித்து, வேறு வேலையாகக் காவல் நிலையம் போனபோது ஓர் அதிகாரி பேச்சுவாக்கில் சொன்னார். முன்சக்கரம் வெடித்ததுதான் காரணம், ஓட்டுநர் ரத்தத்தில் மது இல்லை என்று. தலையாட்டினேன். அதை நான் எழுதவில்லை. எழுதினால் புட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆண்டுகள் போயின. ஓய்வு பெற்றேன், எழுதுவதையும் நிறுத்தினேன். போன மாதம் எங்கோ ஒரு பேருந்து கவிழ்ந்தது. பழைய தோட்டத்து ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ என் செய்தியைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். தாள் பழுப்பேறியிருந்தது. வரி அப்படியே இருந்தது. கீழே ஒருவர், 'குடிச்சிட்டு ஓட்டி ஒரு பொண்ண கொன்னானே, அவன்தானே?' என்று கேட்டிருந்தார். அதற்குப் பலர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். என் வரியை மறுபடி மறுபடி படித்தேன். அதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தத் தாமானுக்குப் போனேன். ஓட்டுநரின் மனைவி அதே வீட்டில்தான் இருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். பையில் கண்டதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

“பையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே சார் கட்டிக் குடுத்தேன்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். பத்திரிகைக்கு எழுதி, திருத்தம் போடச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

“இப்போ பேப்பரு யாரு படிக்கிறா லா? வேற ஆளு எழுதியிருந்தா, சாமிக்கு வாங்கினதுன்னு தெரியாம எழுதிட்டான்னு விட்டிருப்பேன். நீங்க நம்ம ஆளு. தெரிஞ்சே எழுதுனீங்க.”

“ஆமாம்மா.”

மடித்த சட்டையை ஓரமாக வைத்துவிட்டு வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

“மூணாவது வீட்டு அக்காகிட்ட எத்தனை தடவ சொன்னேன் தெரியுமா? பேப்பர்ல பொய்யா போடுவான்னு ஒரே வார்த்தையில வாய அடைச்சிருச்சு. நான் சொன்னா நம்பாது. போட்டவரு நீங்க போய்ச் சொல்லுங்க.”

போனேன். இறந்த பெண்ணின் தாய் கதவைத் திறந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூடி திறக்காதது, கற்பூரம், சுருட்டு, சக்கரம் வெடித்தது, ரத்தத்தில் ஒன்றுமில்லாதது, முதல் பக்கத்துக்கு ஆசைப்பட்டது. வெளியே மழைமேகம் கூடி வெயில் மங்கிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக் கொடியில் ஒரு சீருடை ஆடிக்கொண்டிருந்தது. என் குரல் வேறு யாருடையதோபோல் எனக்குக் கேட்டது.



“அந்த மனுசன திட்டித் திட்டித்தான் சார் நான் இத்தன நாளு உசுரோட இருந்தேன். இனிமே யார திட்டுறது?”

“என்னைத் திட்டுங்க.”

“உங்கள எனக்கு யாருன்னே தெரியாதே.”

அவர் ஓட்டுநரின் வீட்டுப் பக்கம் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

“எங்க வீட்டுக்காரரு ஆறு மணிக்கு வேல விட்டு வருவாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. உக்காருங்க. இப்போ சொன்னத ஒண்ணு விடாம அவர்கிட்டயும் சொல்லிட்டுப் போங்க.”

மணி அப்போது நாலரை. நான் உட்கார்ந்தேன்.