கையும் கண்ணும் இருந்தால் போதும்

போர் இல்லாத காலம் ஊருக்கெல்லாம் நல்ல காலம். டாங்கிக்குப் பாகம் செய்கிறவர்களுக்கு மட்டும் போதாத காலம். அரசாங்கம் ஆர்டரைக் குறைத்துக்கொண்டே போனது. மிச்சமிருந்த கம்பெனிகள் ஒன்றை ஒன்று வாங்கத் தொடங்கின. நடத்துவதற்கு அல்ல, மூடுவதற்கு. எதிராளியின் கதவைச் சாத்திவிட்டால் அவனுக்குப் போகிற ஆர்டரும் நமக்குத்தானே! அப்படி வாங்குகிற ஒரு கம்பெனியில், எதை வாங்குவது, எதை மூடுவது என்று கணக்குப் போட்டுச் சொல்வதில் கைதேர்ந்தவள் அவள். அலுவலகத்தில் முன்னால் 'மேடம்', பின்னால் 'கத்தரிக்கோல்'. இரண்டும் அவள் காதுக்கு வந்தவைதான். இரண்டாவதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வாங்கப்போகும் கம்பெனியின் பெயரை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சேதி கசிந்தால் விலை ஏறிவிடும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பறவையின் பெயரை வைப்பார்கள். அந்த முறை மைனா. டாங்கிக்குள் உட்கார்ந்தபடியே வெளியே பார்ப்பதற்கான கண்ணாடிகளைச் செய்யும் தொழிற்சாலை. அவளுடைய அண்ணன் மீசை முளைத்த நாளிலிருந்து அங்கேதான் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் படிக்க வைத்ததும் அந்த வேலைதான். "என் அண்ணன் அங்கே இருக்கிறார், இதில் நான் தலையிட மாட்டேன்" என்று அவள் முதலிலேயே ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் துறைத் தலைவர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மைனாவை மூடுவதில் ஒரே ஒரு சிக்கல். தேய்க்கிற திறமை இயந்திரத்தில் இருக்கிறதா, ஆட்களிடம் இருக்கிறதா? இயந்திரத்தில் என்றால் பெயர்த்து எடுத்து வந்துவிடலாம். ஆட்களிடம் என்றால் தொழிற்சாலையை விட்டுவைத்துத்தான் ஆக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்திருந்தார்கள். பரிமாறிக்கொண்டே, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள்.

"ஏண்ணா, உன் வேலையை வேற யாராவது செய்ய முடியுமா?"

"இதென்ன பெரிய வேலை பாப்பா?" அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கியும் அவருக்கு அவள் பாப்பாதான். "கையும் கண்ணும் இருக்கிற எவனும் செய்வான். உன்னை மாதிரி மூளையைக் கசக்கணுமா என்ன?"

"ஆமா, வீட்டுல ஒரு ஆணி அடிக்கச் சொன்னா மட்டும் கையும் இல்ல, கண்ணும் இல்ல" என்று அண்ணி காலை வார, எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்தபோதே "சும்மா கொடுத்தாங்க" என்றவர். தங்கை உசத்தியாகத் தெரிய வேண்டும் என்று தன்னை ஒரு படி இறக்கிக்கொள்கிற பிறவி. இது அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் மறுநாள் கூட்டத்தில் சொன்னாள்: "உள்ளே வேலை செய்கிறவரே சொல்கிறார், கையும் கண்ணும் இருக்கிற எவரும் செய்யலாமாம்." தலைமை அதிகாரி தலையாட்டினார். மைனாவின் கதை முடிந்தது. பதவி வந்தது.

வேலை போன அண்ணன் ஒரு மாலை வந்தார். மூக்குக் கண்ணாடி செய்யும் இடத்தில் நேர்முகத் தேர்வாம். இந்த வயதில் எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை, நீதான் பழக்கிவிட வேண்டும் என்றார். செய்த பாவத்துக்கு இதையாவது செய்யலாம் என்று அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. மேசைக்கு எதிர்ப்புறம் அதிகாரி மாதிரி உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, நீங்க என்ன வேலை செஞ்சீங்க?"

"கண்ணாடி தேய்க்கிறது. பெரிசா ஒண்ணும்..."

"அண்ணா! அப்படிச் சொல்லாதே. நீ அடக்கமா சொன்னா அவங்க அதையே நிஜம்னு எடுத்துக்குவாங்க."



"ஆமா பாப்பா. எங்களைக் கூட்டி வெச்சு மூடுறோம்னு சொன்னப்ப உங்க ஆபீஸ்காரர் அதைத்தான் சொன்னார். கையும் கண்ணும் இருக்கிற எவனும் செய்யற வேலையாம். எவன்டா இப்படிச் சொன்னதுன்னு பக்கத்துல எல்லாரும் கொதிச்சாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அதை நான் வெளியில எங்கேயும் சொன்னதில்ல. இந்த வீட்டுல, நீ கேட்டப்ப சொன்னதுதான்."

"அண்ணா, நான்..." என்று தொடங்கினாள்.

"விடு. மறுபடி கேளு." நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் கேட்டாள். "நீங்க என்ன வேலை செஞ்சீங்க?"

"டாங்கிக்குக் கண்ணாடி தேய்ச்சேன், மேடம்" என்றார் அண்ணன். "அது லேசுல எவனுக்கும் வராது."