சுண்ணாம்பு பூசாத இடம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய எனக்குக் கரித்துண்டுதான் சொத்து. கண்ணில் படும் பறவைகளை வரைவேன். காகிதம் கிடைக்காவிட்டால் பாறையில் வரைவேன்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலம். பொங்கலுக்கு முந்தின நாள் பாகூர் ஏரிக்கரை வழியே போனேன். ஒற்றைக்காலில் ஒரு கொக்கு நின்றது. பக்கத்து வீட்டுச் சுவர் அப்போதுதான் வெள்ளையடித்து ஈரமாக இருந்தது. கை நிற்கவில்லை. அந்தச் சுவரிலேயே கொக்கை வரைந்துவிட்டேன்.

சுண்ணாம்பு வாளியோடு வந்த வீட்டுக்காரர் என் கழுத்தைப் பிடித்தார். "காலைலேருந்து பூசன செவுருடா! நாளைக்கிப் பொங்கலு, கரியப் பூசி வச்சிருக்கியே!"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் கேட்டு அவர் மனைவி வந்து பார்த்தார்.

"வுடுய்யா அவன. கொக்கு நல்லாத்தான் நிக்குது. நம்ம கொழம்பு மீனையா திங்கப் போவுது? அத்த வுட்டுட்டு சுத்திப் பூசு."

எனக்குக் கூழும் ஊற்றினார்.

பல வருடம் கழித்து, வரைந்து என்ன கண்டோம் என்று கரியையே தொடாமல் அலைந்தபோது மறுபடி அந்த வழியே வந்தேன். ஈரச் சுண்ணாம்பில் ஊறிய கொக்கு அழியாமல் நின்றது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு சுற்றிலும் தடித்திருக்க, கொக்கு மட்டும் சிறு பள்ளத்தில் இருந்தது.

"இன்னாப்பா கொக்குக்காரா, பாக்க வந்தியா?" என்று அந்த அம்மாள் சிரித்தார். "வருசா வருசம் அத்த சுத்திப் பூசறதுக்குள்ள இவருக்கு இடுப்பு ஒடியுது."

எனக்கென்று ஒரு வீடு அமையவில்லை. ஆனால் என் கொக்குக்கு இடம் விட்டே ஒரு குடும்பம் பொங்கல் கொண்டாடியிருக்கிறது. அன்று அவர்கள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.