அது பாட்டுக்குக் கத்தட்டும்

போன வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். தூத்துக்குடியில் எப்போதும் கூட்டம் மொய்க்கும் ஒரு ஜவுளிக்கடையின் வாசலில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முத்தையாபுரத்தில் வீடு. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். அதற்கு முந்தைய வருஷம் அடிக்கடி தலை சுற்ற ஆரம்பித்தது. ஒருநாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் இருட்டிவிட்டது. நல்லவேளையாக வண்டி சரக்குக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இதயம் ரொம்ப மெதுவாகத் துடிக்கிறது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். தீப்பெட்டியைவிடச் சின்னக் கருவி. இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிட்டார்கள். இதயம் துடிக்கத் தாமதித்தால் அது ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிடும். லாரியை விட்டுவிட்டேன். இப்போது ஓர் உப்புக் கம்பெனியில் எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் நிறையச் சொன்னார். செல்போனை இடது பக்கப் பையில் வைக்கக் கூடாது, வெல்டிங் நடக்கிற இடத்துக்குப் போகக் கூடாது என்ற இரண்டும் மனதில் நின்றன. மற்றதெல்லாம் காதில் விழுந்ததோடு சரி. உயிரோடு வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் இருப்பவனுக்கு எத்தனை விஷயம்தான் நினைவில் நிற்கும்?

அந்த சனிக்கிழமைக்கு மறுநாள், மகள் வயிற்றுப் பேத்திக்குக் கோயிலில் புதுநன்மை. கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள் அது. பெண் பிள்ளைகள் வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்து, கையில் மெழுகுவர்த்தியோடு வரிசையாக வருவார்கள். கவுனை என் மனைவி முன்பே அந்த ஜவுளிக்கடையில் பார்த்து வாங்கிவிட்டாள். நீளம் கூடுதலாக இருந்ததால், பில் போட்ட கையோடு அந்தக் கடையின் மாடியில் இருந்த டெய்லரிடமே குறைக்கக் கொடுத்திருந்தாள். சனிக்கிழமை அதை வாங்க இருவரும் போனோம். பூமுடியும் மெழுகுவர்த்தியும் வாங்க அவள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். நான் மட்டும் மாடிக்குப் போய்க் கவுனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

அந்தக் கடை வாசலில் தோள் உயரத்துக்கு இரண்டு வெள்ளைத் தூண்கள் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். துணியில் குத்தியிருக்கும் பிளாஸ்டிக் வில்லையைக் கழற்றாமல் யாராவது வெளியே போனால் கத்தும். நான் அந்தத் தூண்களுக்கு நடுவே கால் வைத்ததும் அது கத்தியது.

வாசலில் நின்ற காவலாளிக்கு முப்பது வயது இருக்கும். அவர் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். திரும்பி வந்து மறுபடி போகச் சொன்னார். மறுபடியும் கத்தியது. பையைத் தன்னிடம் வாங்கிக்கொண்டு என்னை மட்டும் போகச் சொன்னார். கத்தவில்லை. பிறகு பையை மட்டும் தூண்களுக்கு நடுவே நீட்டினார். கத்தியது. கவுனை எடுத்துக் கழுத்து, கை, முதுகுப் பக்கமெல்லாம் தடவிப் பார்த்தார். வில்லை எதுவும் கண்ணில் படவில்லை. பில்லைக் கேட்டார். அது மனைவியின் கைப்பையில் இருந்தது. அவளுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரு இரைச்சலில் அவளுக்குக் கேட்டிருக்காது. டெய்லரிடம் விசாரிக்க ஒரு பெண்ணை மாடிக்கு அனுப்பினார்கள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார் என்று அவள் வந்து சொன்னாள். மேனேஜர் இன்னொரு தளத்தில் ஏதோ வேலையாக இருந்தார்.

“மேனேஜர் வாரதுவரைக்கும் இங்கனயே நில்லுங்க அண்ணாச்சி” என்றார் காவலாளி. பையை அவரே வைத்துக்கொண்டார். போன மாதம் ஒருவரை இப்படி நம்பி அனுப்பியதற்காக, தனக்கு முன்னால் அங்கே நின்றவரை வேலையைவிட்டே எடுத்துவிட்டார்கள் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நின்றேன். அந்த வலது பக்கத் தூணை ஒட்டித்தான் நிற்க இடம் இருந்தது. உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். சின்னப் பிள்ளைகள் அம்மாவின் சேலையை இழுத்து என்னைக் காட்டின. எங்கள் பங்குக் கோயிலுக்கு வருகிற ஒருவர் குடும்பத்தோடு வந்தார். என்னைப் பார்த்தார். காவலாளியைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பொம்மைக்குக் கட்டியிருந்த பட்டுச்சேலையை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் அவருக்குப் பக்கத்து பெஞ்சில்தான் நான் உட்கார வேண்டும்.

கால் கடுக்க ஆரம்பித்தது. இடது தோளைத் தூணில் நன்றாகச் சாய்த்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மாதிரி இருந்தது. அவமானத்தில்தான் இப்படி இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அப்புறம் கடைக்குள் ஒலித்த பாட்டும் பேச்சும் எங்கோ தூரத்தில் போவது போல, கடலில் முங்கும்போது காது அடைக்குமே, அப்படி ஆனது. பிடரியில் வியர்த்தது. ஏ.சி. காற்று முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தும் வியர்த்தது. லாரியில் இருந்தபோது கண் இருட்டிய அந்த நாள் நினைவுக்கு வந்தது. வெளியே கடைப்படி கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் போதும். ஆனால் ஓர் அடி வெளியே வைத்தால் ‘ஓடப் பார்த்தான்’ என்று ஆகிவிடுமே. இதை எழுதும்போது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. அந்த நிமிஷத்தில் செத்தாலும் பரவாயில்லை, அந்தப் பேர் வரக் கூடாது என்றுதான் இருந்தது. விழாமல் இருக்கத் தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன சொன்னேனோ தெரியாது. துணி மடித்துக்கொண்டிருந்த விற்பனையாளர் ஒருவர், மாட்டிக்கொண்டால் எல்லாரும் இப்படித்தான் மயங்கி விழுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது காதில் விழுந்தது. காவலாளி குழம்பிப்போய் நின்றார்.

எனக்குப் பின்னால் பணம் கட்டிவிட்டு வெளியே போக நின்றவர்களில் ஓர் அம்மா இருந்தார். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். கையில் பெரிய துணிப்பை. அவர் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தார். பையைத் தரையில் போட்டார்.

“ஏலே, ஆளு மொகத்தப் பாருலே. வெளுத்துப்போயி நிக்காரு. திருடுனாரா இல்லையான்னு பொறவு பாத்துக்கிடலாம். ஆளு இருந்தாத்தான கேக்க முடியும்?”

காவலாளி ஏதோ சொல்ல வந்தார். அந்த அம்மா காத்திருக்கவில்லை. தூணைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். என் அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கி, அந்தத் தூண்களுக்கு நடுவாகவே இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். என் பையோடு பின்னால் ஓடிவந்த காவலாளி தூண்களைத் தாண்டும்போது மெஷின் கத்தியது. அவர் பதறி அப்படியே நின்றுவிட்டார்.

“அது பாட்டுக்குக் கத்தட்டும். நீ போயித் தண்ணியக் கொண்டா” என்றார் அந்த அம்மா.

என்னைக் கடைப்படியில் உட்கார வைத்துத் தலையை முழங்கால் பக்கம் குனிய வைத்தார். காவலாளி தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு அவரே ஒரு சட்டை அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்துவந்து விசிறினார். நம்ப மாட்டீர்கள், உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கண் தெளிந்துவிட்டது. எதிரே நின்ற ஆட்டோவின் எண்பலகையைப் படிக்க முடிந்தது. பாட்டுச் சத்தம் பக்கத்தில் வந்தது.

பேச முடிந்ததும் முதலில் சொன்னது, நான் எடுக்கவில்லை என்பதைத்தான். பில் மனைவியிடம் இருக்கிறது, நாளைக்குப் பேத்திக்குப் புதுநன்மை என்றெல்லாம் அந்த அம்மாவிடம் மளமளவென்று சொன்னேன். இவ்வளவு உதவி செய்தவர், ‘உங்களைப் பார்த்தாலே தெரியுதே’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என எதிர்பார்த்தேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. தம்ளரை என் கையில் திணித்தார்.

“எடுத்தியளோ எடுக்கலயோ, எனக்குத் தெரியாது. மொதல்ல தண்ணியக் குடிங்க.”

ஒரு கணம் சுருக்கென்றது. குடித்தேன். குடிக்கக் குடிக்கத்தான் அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. நான் திருடனாக இருந்தாலும் இந்த அம்மா இப்படித்தான் தூக்கியிருப்பார்.

படகு கரைக்கு வருவதற்குள் திரேஸ்புரம் போயாக வேண்டும், இல்லாவிட்டால் ஏலத்தில் நல்ல மீன் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். உள்ளே கிடந்த தன் துணிப்பையை எடுத்துக்கொண்டு, அந்த வழியாக வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினார். என் மனைவி மெழுகுவர்த்தியும் பூமுடியுமாக வந்து சேர்ந்தபோது அவர் போயிருந்தார்.

மனைவி பில்லைக் காட்டினாள். மேனேஜர் இறங்கி வந்தார். கவுனை மேசையில் விரித்துப் பாவாடைப் பக்கத்தைப் புரட்டினார்கள். வலைத்துணி அடுக்கடுக்காக வைத்துத் தைத்த கவுன். கடைசி அடுக்குக்கும் உள் துணிக்கும் நடுவில் வில்லை இருந்தது. பில் போடும்போது அதைக் கழற்ற மறந்திருக்கிறார்கள். கீழ்ப்பக்கம் மடித்துத் தைத்தபோது அது உள்ளே போய்விட்டது. மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். இலவசமாக எதையோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றோம். காவலாளிதான் ஆட்டோ பிடித்து வந்து, நான் ஏறும்வரை கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை நல்லபடியாக நடந்தது. கடையில் என்னைப் பார்த்துவிட்டுப் போன அந்தப் பங்குக் கோயில்காரர் பக்கத்து பெஞ்சில் இருந்தார். பூசை முடிந்ததும் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அந்தப் பட்டுச்சேலையைத்தான் பார்த்திருப்பேன்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். வெயிலும் மனக்கஷ்டமும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். அவர் எங்கே நின்றீர்கள், எப்படி நின்றீர்கள் என்று துருவிக் கேட்டார். நெஞ்சுக்கு மேல் ஒரு கருவியை வைத்துப் பேஸ்மேக்கரில் பதிவானதைப் பார்த்தார். பிறகு விளக்கினார். அந்தத் தூண்களுக்குள் எந்நேரமும் ஒருவகை அலை ஓடிக்கொண்டிருக்கும். சாதாரணமாக நடந்து தாண்டிப் போனால் பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அங்கேயே நிற்கவோ சாயவோ கூடாது. எப்போதாவது அபூர்வமாக, அந்த அலையையே இதயத் துடிப்பு என்று கருவி ஏமாந்து, தான் கொடுக்க வேண்டிய தட்டைக் கொடுக்காமல் இருந்துவிடும். இதை உங்களிடம் அன்றைக்கே சொன்னேனே என்றார். சொல்லித்தான் இருப்பார்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனைவி கேட்டாள்.

“அதான் நிக்கலயே” என்றார் டாக்டர்.

அந்த வாரமே இருவரும் திரேஸ்புரம் போனோம். கடற்கரையில் விசாரித்து விசாரித்து அந்த அம்மாவைக் கண்டுபிடித்தோம். ஏலம் முடிந்து, கூடைகளை அலசிக்கொண்டிருந்தார். முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. கடைப்படியைச் சொன்னதும் சிரித்தார். டாக்டர் சொன்னதை நான் விளக்கமாகச் சொன்னேன். அந்தத் தூணைவிட்டு என்னைப் பிரித்ததால்தான் நான் பிழைத்தேன் என்றேன். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மெஷினைப் பற்றித் தனக்கு என்ன தெரியும், ஆள் விழப்போவது தெரிந்தது, இழுத்துப் போட்டேன், அவ்வளவுதானே என்றார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போலக் கேட்டார்.

“ஆமா, அந்தத் துணி விசயம் என்னாச்சு?”

அதுவரைக்கும் அவருக்கு அது தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வில்லை உள்ளே மாட்டியிருந்ததைச் சொன்னேன். “அப்பிடியா? சரி, சரி” என்றார். அதற்கு மேல் ஆர்வம் காட்டவில்லை. சீலா மீன் நன்றாக இருக்கிறது, கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள் என்று என் மனைவியிடம் பேச்சை மாற்றிவிட்டார்.

அப்புறம் அந்தக் கடைக்கும் ஒருமுறை போய் மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். என்னைப் போலப் பேஸ்மேக்கரோடு வருகிறவர்கள் வெளியில் சொல்ல மாட்டார்கள், பார்த்தாலும் தெரியாது, யாரையும் அந்தத் தூண் பக்கத்தில் நிறுத்தாதீர்கள் என்றேன். இப்போது விசாரிக்க வேண்டியவர்களுக்குப் பில் போடும் இடத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள். அதே காவலாளிதான் இன்னும் வாசலில் நிற்கிறார். நான் போனால் வேகமாகக் கடந்து போகச் சொல்லிக் கையை ஆட்டுவார்.

என் மானத்தைக் காப்பாற்ற அன்றைக்கு நான் தூணைக் கட்டிப் பிடித்தேன், என் மானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர் என் உயிரைக் காப்பாற்றினார். இப்போதெல்லாம் யாராவது ஒருவர் சந்தேகத்தில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நிற்பதைப் பார்த்தால், அவர் செய்தாரா இல்லையா என்று யோசிப்பதற்கு முன்னால் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.