அரை நிமிட ஞாபகம்

அலுவலகத்தில் அவரைச் சொப்பனம் என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் திரும்ப மாட்டார். சற்றுப் பொறுத்து, எங்கோ மழையில் நனைந்துவிட்டு வந்தவர் போலத் திரும்புவார். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்துதரும் கம்பெனி அது. நாலாம் மாடியில் ஜன்னலோர மேசை. வெளியே மேகம் நகர்ந்தால்தான் உள்ளே அவர் வேலையும் நகரும் என்று ஒரு பேச்சு உண்டு.

கல்யாணமான புதிதில், என்ன வேலை என்று மாமனார் கேட்டார். "யாரு எங்க இருக்காங்கன்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு ஆளு இருக்கு மாமா. அந்த ஆளை நான் பாத்துக்கிறேன்." மாமனார் அதை உளவுத்துறை என்று எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து அவர் எதிரில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

சொன்னது பொய்யில்லை. கம்பெனியின் மென்பொருள் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஆளுக்கொரு கன்டெய்னருக்குள் ஓடுகிறது. கன்டெய்னர் என்றால் சோப்புக் குமிழி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உடையும், அதே வேலைக்கு இன்னொன்று வேறு முகவரியில் பிறக்கும். உடைந்ததன் முகவரிக்கு யாராவது புதிதாகக் குடிவருவார்கள். ஆகவே அங்கே யாரும் யாரையும் முகவரி வைத்துத் தேடுவதில்லை. பெயரைச் சொல்லி, பெயர் சர்வரிடம் கேட்பார்கள்; மாமனாரிடம் சொன்ன ஆள் அதுதான். அது இப்போதைய முகவரியைச் சொல்லும். கேட்டவர் அரை நிமிடத்தில் அதை மறந்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். மறப்பதுதான் அங்கே ஒழுக்கம்.

போன வாரம் ஒரு மத்தியானம், பெயர் சர்வரிடம் ஒரே கேள்வி ஆயிரக்கணக்கில் வந்து விழுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார் சொப்பனம். மனம் கேட்கவில்லை. ஒருமுறை கேட்ட பதிலை ஒரு நாள் முழுக்க ஞாபகம் வைத்திருக்கலாம் என்று அமைப்பை மாற்றிவிட்டார். கேள்விகள் மெல்ல ஓய்ந்தன. குழந்தையைத் தூங்கவைத்த திருப்தியோடு வீட்டுக்குப் போனார்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா போன் செய்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப் பார்க்கிற அக்கா. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, தெருவிளக்கெல்லாம் பூப்பூவாகத் தெரிகிறது என்கிறாள். சீக்கிரம் கண் சரியாகாவிட்டால் வேலை போய்விடும்.

"டேய், ஆபரேஷனுக்கு இடம் கெடைச்சா மெசேஜ் வரும்னாங்க. இன்னும் வரலடா."

சொப்பனம் திரையில் தேடினார். அந்த மருத்துவமனை இவர்களுடைய வாடிக்கையாளர்தான். "காலையிலயே அனுப்பியாச்சுன்னு இருக்கேக்கா. நீ அழிச்சிருப்ப."

"கண்ணுதான்டா போச்சு, கை நல்லாத்தான் இருக்கு."

"சரி, கேளு. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போய்க் கண்ணு அளவு குடுக்கணும். இல்லன்னா இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். அப்புறம் ஆறு மாசம் ஆகும். உடனே கெளம்பு."

"நீ சொல்லியா? போன தடவை நீ சொன்னேன்னு ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் முந்தின நாளே போயிருந்துச்சு. மெசேஜ் வரட்டும், அப்புறம் போறேன்." வைத்துவிட்டாள்.

உடன்பிறந்த தம்பியைவிட மெசேஜ்தான் நம்பகமானது என்று அக்காவே தீர்ப்புச் சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது? மெசேஜைப் போகவைப்பதைத் தவிர வழியில்லை.

பக்கத்து சீட்டுப் பெண்தான் கண்டுபிடித்தாள். மெசேஜ் அனுப்பும் கன்டெய்னர் காலையில் உடைந்து, வேறிடத்தில் பிறந்திருந்தது. அதன் பழைய முகவரியில் சோதனைக்கென்று வைத்த ஒரு போலி குடிவந்திருந்தது. எதைக் கொடுத்தாலும் "அனுப்பியாச்சு" என்று பணிவாகச் சொல்லும், எதையும் அனுப்பாது. தேர்தலில் நின்றால் ஜெயிக்கக்கூடிய குணம். மற்றவையெல்லாம் பழைய முகவரியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அதனிடமே போய் மெசேஜ்களைக் கொடுத்துக்கொண்டிருந்தன.

"சார், ஞாபகத்தை ஒரு நாள்னு யாரு மாத்தினது?"

"நான்தாம்மா. பாவம், ஓயாம ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிட்டிருந்துச்சு."

"பாவமா! அதுக்குத் தொண்டை கட்டுமா சார்?"

சொப்பனம் அரை நிமிடத்துக்கே மாற்றினார். பழைய ஞாபகங்களைத் துடைத்தார். கேள்விகள் மறுபடி தூறலாக ஆரம்பித்து அடைமழையாயின. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காணாமல்போனார். பெண் மேசையைத் தட்டி அவரை மீட்டாள். காலையிலிருந்து போகாத மெசேஜ்கள் எல்லாம் மறுபடி அனுப்புவதற்காக வரிசையில் நின்றன.

"அக்கா நம்பரை முன்னாடி தள்ளட்டுமா சார்?"

மணி மூன்று. அவர் வரிசையைப் பார்த்தார். எல்லாம் யாரோ ஒருவருடைய அக்கா. "வேணாம்மா, அதது எடத்துலயே போகட்டும். நான் பாவம் பாத்தா என்ன ஆகும்னுதான் பாத்துட்டோமே."

மூன்றரைக்கு அக்கா போன் செய்தாள். "வந்துடுச்சுடா. எதிர்வீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டினா. ஆட்டோல போறேன். நீ வராதே, பாதி வழியில தொலைஞ்சு போயிடுவ."

அவர் போனார். இரண்டு இடத்தில் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தபோது மருத்துவமனை நடைவழியில் நிற்க இடமில்லை. ஒரே நேரத்தில் மெசேஜ் கிடைத்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்திருந்தார்கள். மங்கலான கண்களோடு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்கும் ஒண்ணா அனுப்பினது எந்தப் புண்ணியவான்?" என்று நர்ஸ் சத்தம் போட்டாள்.

"எவனாச்சும் பகல்ல தூங்குறவனா இருப்பான்" என்றாள் பெஞ்சிலிருந்த அக்கா. சொப்பனம் மேற்கூரை மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தார்.

ஐந்தடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது அக்காவைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள், பக்கத்தில் நின்ற உருவத்தை உற்றுப் பார்த்துத் தம்பிதான் என்று கண்டுபிடித்து, பையை அவர் கையில் திணித்தாள்.

"நீ எப்படிடா சரியா வந்து சேர்ந்த? உனக்கும் மெசேஜ் வந்துச்சா?"